ஓரத்தில் எழுதிய மொழி

வரலாற்றுப் பலகணி

இப்பகுதியில் வென்றவர்களின் வரலாறே மிகுதியாக இடம்பெறுகிறது என்று சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் குறைப்பட்டுக்கொண்டார். தோற்று மறைந்த அரசுகளுக்கு இங்கே இடமில்லையா என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆகவே இம்முறை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடி இழந்த நார்தம்பிரியா என்னும் நாட்டைப் பற்றி எழுத முற்படுகிறோம். பள்ளியில் ஆங்கில நாட்டு வரலாறு பயின்ற மூத்த அன்பர்கள் சிலருக்கு இப்பெயர் நினைவிருக்கலாம். ஏழு அரசுகளின் பட்டியலில் ஒன்றாக அதை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஹம்பர் என்றொரு கழிமுகம் உண்டு. அதற்கு வடக்கே உள்ள நாடு என்பதே நார்தம்பிரியா என்னும் பெயரின் பொருள். அதன் ஆட்சி சிறந்திருந்த 7-ஆம் நூற்றாண்டில், இன்றைய யார்க் நகரமும், இன்று ஸ்காட்லாந்தின் தலைநகராக விளங்கும் எடின்பரோவைச் சூழ்ந்த நிலமும் அதனுள் அடங்கியிருந்தன. ஆண்டவர்கள் ஆங்கிளர் என்னும் இனத்தார். இவர்களும் குடிபெயர்ந்து வந்தவர்களே. இன்றைய டென்மார்க்கும் ஜெர்மனியும் சந்திக்கும் பகுதியிலிருந்து இவர்களுடைய முன்னோர் கடல் கடந்து வந்தனர். வந்த இடத்தில் தெற்கே டெய்ரா, வடக்கே பெர்னீசியா என இரண்டு அரசுகள் அமைந்தன. இவ்விரண்டையும் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏத்தல்பிரித் என்னும் மன்னன் ஒன்றாக இணைத்தான். இணைத்த முறை மென்மையானதன்று. செஸ்டர் நகரருகே பிரிட்டானியரோடு நடந்த போரில், எதிரிகளின் வெற்றிக்காகத் தொழுதுகொண்டு நின்ற துறவிகளை முதலில் வெட்டி வீழ்த்துமாறு ஆணையிட்டவன் இவன்.

616-இல் ஏத்தல்பிரித் போரில் மாண்டான். அரியணை எதிரியான எட்வினுக்குச் சென்றது. ஏத்தல்பிரித்தின் மைந்தர்கள் வடக்கே ஓடினார்கள். அவர்களுள் ஆஸ்வால்டு என்பவனுக்கு அப்போது வயது 12 இருக்கலாம். ஐரிஷ் மொழி பேசும் மக்களிடையே அவன் அடைக்கலம் புகுந்தான். அயோனா என்னும் தீவில் இருந்த மடத்தாரின் சமயத்தையும் அவர்களுடைய மொழியையும் கற்று, 18 ஆண்டுகள் பிறர் நாட்டிலேயே வளர்ந்தான். 634-இல் திரும்பி வந்து நாட்டை மீட்டான். மீட்டவுடன் அயோனாவிலிருந்து எய்டன் என்னும் துறவியை வரவழைத்து, லிண்டிஸ்பார்ன் என்னும் சிறு தீவை அவருக்கு மடம் அமைக்கக் கொடுத்தான். இது நிகழ்ந்தது 635-இல். கடல் வற்றும் வேளையில் நடந்து செல்லலாம், நீர் ஏறினால் தீவாகிவிடும். அத்தகைய இடம் அது.

எய்டனுக்கு ஆங்கிலம் நன்கு வராது. அவர் ஐரிஷ் மொழியில் போதிப்பார்; அருகில் நின்று, தன் தளபதிகளுக்கும் குடிப்பெருமக்களுக்கும் அதை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பவன் அரசனே. முடி சூடிய மன்னன் துபாஷியாக நின்ற காட்சியை வரலாற்றில் அரிதாகவே காண்கிறோம். பிறந்த மண்ணிலேயே வளர்ந்திருந்தால் ஆஸ்வால்டுக்கு இத்திறம் வாய்த்திராது. வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. கடைக்காரரிடம் பாட்டிக்காகப் பேசும் பேரப்பிள்ளைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோமல்லவா?

ஆஸ்வால்டு 642-இல் மெர்சிய மன்னன் பெண்டாவோடு பொருது வீழ்ந்தான். தம்பி ஆஸ்வியூ அரசனானான். இவன் காலத்தில் அரண்மனையிலேயே ஒரு பஞ்சாங்க வழக்கு மூண்டது. அரசன் அயோனாவின் கணக்குப்படி ஈஸ்டர் திருநாள் கொண்டாடுவான். கென்ட் நாட்டில் வளர்ந்த அரசி ஈன்பிளேடு உரோமாபுரியின் கணக்கைப் பின்பற்றுவாள். சில ஆண்டுகளில் அரசன் விருந்துண்டு கொண்டிருக்கையில் அரசி இன்னும் நோன்பிலேயே இருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் நடந்தால் அடுக்களை என்ன பாடுபடும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 664-இல் விட்பி என்னும் கடற்கரை ஊரில், ஹில்டா என்னும் அம்மையாரின் மடத்தில் அவை கூடி வழக்கைத் தீர்த்தார்கள். தீர்ப்பு உரோமாபுரிக்குச் சாதகமாயிற்று. ஐரிஷ் துறவிகளுள் பலர் வருத்தத்தோடு லிண்டிஸ்பார்னை விட்டு அகன்றனர்.

அந்தத் தீர்ப்பினால் இலத்தீன் கல்விக்கு வாயில் அகலத் திறந்தது. வியர்மவுத் என்ற இடத்தில் 674-லும், சில ஆண்டுகளுக்குப் பின் ஜாரோ என்ற இடத்திலும் மடங்கள் எழுந்தன. அவற்றை நிறுவிய பெனடிக்ட் பிஸ்கப் பல முறை உரோமாபுரி சென்று, நூல்களைச் சுமந்து வந்தவர். கற்கட்டடம் எழுப்பவும் கண்ணாடி செய்யவும் தொழிலாளர்களைப் பிரான்சு நாட்டுப் பகுதியிலிருந்து வரவழைத்தார். ஜாரோ தேவாலயம் 685-இல் அர்ப்பணிக்கப்பட்டதைச் சொல்லும் கல் இன்றும் அத்தேவாலயச் சுவரில் இருக்கிறது. இம்மடங்களில் மூன்று பெரிய வேதாகமப் பிரதிகளை எழுதினார்கள். அவற்றுள் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட தோல் ஏடுகள் கொண்டது. எடை ஏறத்தாழ 34 கிலோ. 716-இல் முதிய மடத்தலைவர் சியோல்பிரித் அதைப் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக எடுத்துச் சென்றார். வழியிலேயே அவர் இறந்தார். நூல் இத்தாலிக்குச் சென்று, இப்போது பிளாரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளது. அதை வழங்கியவரின் பெயரை யாரோ சுரண்டி வேறு பெயர் எழுதிவிட்டபடியால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அறிஞர்கள் அதை இத்தாலியக் கைவண்ணம் என்றே கருதி வந்தார்கள். 2018-இல் லண்டன் கண்காட்சி ஒன்றுக்காக அது 1300 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த நாட்டு மண்ணை மிதித்தது.

இவையெல்லாம் இலத்தீன் மொழியின் வெற்றி. தோல் ஏட்டின் நடுப்பகுதி முழுவதும் இலத்தீனுக்கே உரியதாயிருந்தது. மக்கள் வீட்டில் பேசிய ஆங்கிலம் எங்கே இருந்தது? நாம் சொல்ல வந்த செய்தி இதுதான்.

ஹில்டா அம்மையாரின் விட்பி மடத்தில் கேட்மன் என்றொரு மாட்டுக்காரர் இருந்தார். விருந்துகளில் யாழைக் கைக்குக் கை மாற்றி ஒவ்வொருவராகப் பாடுவது அந்நாட்டு வழக்கம். யாழ் தம்மை நெருங்கும்போது கேட்மன் எழுந்து போய்விடுவார். அவருக்குப் பாடத் தெரியாது. ஒருநாள் அவ்வாறு எழுந்து சென்று தொழுவத்தில் உறங்கியபோது கனவில் ஒருவர் தோன்றிப் பாடச் சொன்னாராம். படைப்பைப் பற்றிப் பாடு என்றாராம். கேட்மன் பாடினார். விழித்த பின்னும் பாட்டு நினைவிலிருந்தது. மறுநாள் ஹில்டாவின் முன் பாடிக் காட்டினார். அம்மையார் அவரைத் துறவியாக ஏற்று, வேதக் கதைகளை அறிந்தோரைக் கொண்டு சொல்லச் செய்தார். எழுத்தறியாத அம்மனிதர் கேட்டவற்றையெல்லாம் தம் மொழியில் பாட்டாக்கினார் என்பது வரலாறு.

இதை நமக்குச் சொன்னவர் ஜாரோ மடத்துப் பீட் என்னும் பேரறிஞர். 7 வயதில் மடத்தில் விடப்பட்ட இவர், வாழ்நாளெல்லாம் அங்கேயே கற்றும் கற்பித்தும் எழுதியும் கழித்தார். ஆங்கில மக்களின் சமய வரலாற்றை 731-இல் எழுதி முடித்தார். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் முறை ஐரோப்பாவில் பரவியதற்கு இவர் நூல்களே பெருங்காரணம். கடல் ஏற்றவற்றம் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபடுவதையும் குறித்து வைத்தவர். இத்தகைய பீட், கேட்மனின் பாட்டை இலத்தீன் உரைநடையில் மட்டும் தந்தார். பாட்டை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அழகு கெடும் என்று மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு குறிப்பும் எழுதினார். மூலப் பாட்டை மட்டும் எழுதவில்லை. இலத்தீன் நூலில் ஆங்கிலப் பாட்டுக்கு இடமில்லை என்று எண்ணினார் போலும்.

ஆனால் அவர் நூலைப் படியெடுத்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பீட் மறைந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட இரண்டு பிரதிகள் இன்று உள்ளன. ஒன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அதன் இறுதிப் பக்கத்தில், நூல் முடிந்த பின் எஞ்சிய இடத்தில், சிறிய எழுத்தில் கேட்மன் பாட்டை நார்தம்பிரிய ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மற்றொன்று ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் உள்ளது. அதில் பாட்டு, பக்கத்தின் அடி ஓரத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஒன்பதே அடிகள். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதற்புலவரின் பாட்டு இவ்வாறு ஓரத்தில் ஒதுங்கி உயிர் பிழைத்தது.

பீட் பெருமானும் இதை உணர்ந்திருப்பார் என்றே நினைக்கிறோம். 735-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். மூச்சுத் திணறியது, கால்கள் வீங்கின. அந்நிலையில் அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? யோவான் எழுதிய சுவிசேஷத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். இலத்தீன் அறியாத பாமரருக்கும் பயன்பட வேண்டும் என்ற கருத்துப் போலும். உடனிருந்த மாணவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. இன்னும் ஒரு வாக்கியம் எஞ்சியிருக்கிறது என்று எழுதும் சிறுவன் நினைவூட்டினான். விரைந்து எழுது என்றார். எழுதி முடித்தது என்றான். தரையில் தம்மை அமர்த்தச் சொல்லி, துதி பாடியவாறே உயிர் நீத்தார். வாழ்நாளில் அவர் எழுதிய பெருநூல்கள் எல்லாம் இலத்தீனில் உள்ளன. அவை பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. கடைசி மூச்சில் ஆங்கிலத்தில் சொன்ன அந்த ஒரு நூலோ கிடைக்கவில்லை. அதை யாரும் பேணி வைக்கவில்லை.

பீட் கண்மூடிய பிறகு நார்தம்பிரிய அரசியலில் நன்மை குறைவு. அவர் தம் வரலாற்றை உரிமையாக்கிய சியோல்வுல்ப் மன்னன் 737-இல் முடி துறந்து துறவியானான். பின்வந்தவர்களுள் பலர் கொலையுண்டனர், பலர் துரத்தப்பட்டனர். 793 ஜூன் மாதத்தில் வைக்கிங் கொள்ளையர் லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். 866-இல் டேனியர் பெரும்படை யார்க் நகரைப் பிடித்தது. நாட்டில் அப்போது ஒன்றுக்கு இரண்டு அரசர்கள் தம்முள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபத்து தலைக்கு மேல் வந்தபின் கைகோத்து, 867-இல் யார்க்கை மீட்கச் சென்று, இருவரும் அங்கேயே மாண்டார்கள். வடகோடியில் பாம்பரோ கோட்டையில் சில தலைவர்கள் தொடர்ந்து ஆண்டனர் எனினும், நார்தம்பிரியா என்னும் பேரரசு அன்றோடு முடிந்தது எனலாம். 954-இல் தெற்கத்திய வெசெக்ஸ் மரபினர் யார்க்கையும் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர்.

அரசு போயிற்று, ஒரு நூல் மட்டும் மனிதர் தோள்மீது பயணம் புறப்பட்டது. லிண்டிஸ்பார்னில் பிஷப்பாக இருந்த ஈட்பிரித் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் கையால் எழுதி அணிசெய்த நான்கு சுவிசேஷங்களின் நூல் அது. கம்பளம் விரித்தாற்போன்ற வண்ணக் கோலங்களைக் கொண்ட அதன் பக்கங்களைப் படத்தில் கண்டவர்களும் மறப்பதில்லை. 875-இல் மடத்தார் தங்கள் புனிதர் கத்பர்ட்டின் பேழையையும் இந்நூலையும் சுமந்துகொண்டு தீவை விட்டு வெளியேறினார்கள். ஏழாண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்கள். ஒருமுறை அயர்லாந்துக்குக் கப்பலேறியபோது புயலில் நூல் கடலில் விழுந்து, பின் கரையில் பழுதின்றிக் கிடைத்தது என்று டர்ஹம் மடத்து வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். இரு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட கதை. எவ்வளவு மெய் என்பது நேயர்களின் தீர்ப்புக்கு உரியது. 883-இல் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்னும் ஊரில் ஒருவாறு நிலைகொண்டார்கள்.

அங்கே, 10-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆல்ட்ரெட் என்னும் பாதிரியார் அந்நூலைத் திறந்து ஒரு துணிகரமான செயல் செய்தார். இருநூற்றைம்பது ஆண்டு பழமையுடைய அரும்பொருள் அது. அதன் அழகிய இலத்தீன் வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில், சிறு சிறு எழுத்துக்களாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் மேலே, தம் நார்தம்பிரிய ஆங்கிலத்தில் பொருள் எழுதிக்கொண்டே போனார். நான்கு சுவிசேஷங்களுக்கும் எழுதி முடித்தார். ஓர் இலத்தீன் சொல்லுக்கு ஏற்ற ஆங்கிலச் சொல் எது என்று ஐயம் எழும் இடங்களில் இரண்டு மூன்று சொற்களை எழுதி, இதுவோ அதுவோ என்று விட்டிருக்கிறார். இறுதியில் நூலை எழுதியவர், கட்டியவர், அணி பூட்டியவர் ஆகியோரின் பெயர்களைக் குறித்து, அவர்களுக்கு அடுத்துத் தம் பெயரையும் எழுதினார். ஈட்பிரித்தின் பெயரை நாம் அறிவது இக்குறிப்பினால்தான். இன்று நூலகத்தில் இத்தகைய ஏட்டில் ஒருவர் பேனாவை வைத்தால் என்ன ஆகும்! ஆயினும் ஆங்கில மொழியில் இன்று நிலைத்துள்ள சுவிசேஷப் பெயர்ப்புகளில் மிகப் பழையது அந்த இடைவரி எழுத்தே. ஈட்பிரித்தின் வண்ணங்களைக் காண வருவோர் கண்ணுக்கு அது எளிதில் படாது. மொழி ஆராய்வோரோ அதையே தேடிப் போகிறார்கள்.

இதே கதையைக் கல்லிலும் காணலாம். அன்று நார்தம்பிரியாவாகவும் இன்று ஸ்காட்லாந்தாகவும் உள்ள ரத்வெல் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 18 அடி உயரமுள்ள கற்சிலுவை ஒன்று நிற்கிறது. 8-ஆம் நூற்றாண்டுக்குரியது என்பர். அகன்ற முகங்களில் உருவங்கள். அவற்றைச் சுற்றி இலத்தீன் வாசகங்கள். ஒடுங்கிய பக்கங்களில் கொடிக்கோலம்; அக்கொடியின் கரைகளில் ரூன் என்னும் பழைய கீற்றெழுத்துக்களில் ஆங்கிலக் கவிதை. சிலுவை தானே வாய் திறந்து தன் துயரத்தைச் சொல்வதாக அமைந்த கவிதை அது. 1640-களில் சமயச் சீர்திருத்தக்காரர்கள் இச்சிலுவையை உடைத்துத் தள்ளினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ப் போதகர் ஹென்றி டங்கன் துண்டுகளைத் தேடிச் சேர்த்து நிறுத்தினார். (ஏழைகளின் காசைக் காக்க 1810-இல் அதே ஊரில் சேமிப்பு வங்கி தொடங்கியவரும் இவரே. உடைந்ததையும் சிதறியதையும் சேர்ப்பதில் அவருக்கு இயல்பாகவே ஒரு நாட்டம்!) அவ்வெழுத்து எம்மொழியைச் சார்ந்தது என்று அறிஞர்கள் தடுமாறினார்கள். 1840-இல் கெம்பிள் என்பவர் அது ஆங்கிலமே என்று படித்துக் காட்டினார்.

நார்தம்பிரியரின் பேச்சுமொழி அவர்களுடைய அரசோடு அழியவில்லை. எடின்பரோவைச் சூழ்ந்த லோதியன் பகுதி 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மன்னர்களின் கைக்கு உறுதியாகச் சென்றது. ஆட்சி மாறியும் குடிகள் தம் பேச்சை விடவில்லை. காலப்போக்கில் அப்பேச்சே ஸ்காட்லாந்து அரசவையின் மொழியாக உயர்ந்து ஸ்காட்ஸ் என்னும் பெயர் பெற்றது. ராபர்ட் பர்ன்ஸ் என்னும் பெருங்கவி 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய மொழி அதுவே. தெற்கே ‘ஹோம்’ என்றும் ‘ஸ்டோன்’ என்றும் ஒலிப்பவை அங்கே ‘ஹேம்’, ‘ஸ்டேன்’ என்று ஒலிக்கும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஸ்காட்ஸ் பேச வல்லோம் என்று தெரிவித்தனர். 2025-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்கு அரசாங்க மொழித் தகுதி வழங்கிச் சட்டம் இயற்றியது. பள்ளியில் அதைப் பேசினால் கொச்சை என்று திருத்தப்பட்டு வளர்ந்த முதியவர்கள் அந்நாட்டில் ஏராளம்.

இன்னும் ஒன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில இலக்கணம் படிக்கையில், ஒருவர் செய்யும் செயலைக் குறிக்கும் வினையின் இறுதியில் ‘ஸ்’ சேர்க்க மறந்து மதிப்பெண் இழப்பதுண்டு. ‘ஹீ கம்’ என்று எழுதக் கூடாது. ‘ஹீ கம்ஸ்’ என்று எழுத வேண்டும். தெற்கத்திய ஆங்கிலத்தில் நெடுங்காலம் அவ்விடத்தில் வேறோர் ஈறு வழங்கிற்று. 1611-இல் அச்சான வேதாகமத்தில்கூட ‘கமெத்’ என்றே காண்கிறோம். ‘ஸ்’ என்னும் ஈறு வடக்கிலிருந்து மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, லண்டனையும் பிடித்து, உலகெங்கும் பரவியது. அவ்வீற்றை மிகுதியாகக் காணும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஆல்ட்ரெட் பாதிரியார் வரிகளுக்கு இடையே கிறுக்கிய அந்தச் சிறு எழுத்து. பழைய ஈறும் புதிய ஈறும் அதில் மாறிமாறி வருகின்றன.

அந்நூல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதைத் தங்கள் பகுதிக்கே திருப்பித் தரவேண்டும் என்று வடகிழக்கு இங்கிலாந்து மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். 2013-இல் டர்ஹம் நகருக்கும் 2022-இல் நியூகாசில் நகருக்கும் சில மாதங்கள் கடனாக அனுப்பிவைத்தார்கள். இரு முறையும் தவணை முடிந்ததும் லண்டனுக்குத் திரும்பிவிட்டது.